ஈரானி டீ ஊரில் ஒரு டம்ளர் காபி

1978-ல் திருச்சி பொன்மலையிலிருந்து செகந்திராபாத்துக்கு மாற்றலாகி வந்த அந்த ரயில்வே குமாஸ்தாவுக்கு வீடு பார்ப்பதிலோ பள்ளிக்கூடம் தேடுவதிலோ பெரிய சிரமம் இருக்கவில்லை. செகந்திராபாத்தில் தமிழ் புதிதல்ல. நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரை 1806-ல் இந்த ராணுவக் குடியிருப்புக்குச் சூட்டிய காலம் தொட்டே, சென்னைப் படைகளின் பின்னால் முதலியார்களும் பிள்ளைகளும் வந்து குடியேறியிருக்கிறார்கள். பத்மராவ் நகர் என்ற பகுதியே ஒரு முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்பதுதான். அங்கே ஸ்கந்தகிரியில் முருகன் இருக்கிறார். 1966-ல் தென்மத்திய ரயில்வே உருவாகித் தலைமையகம் இங்கே அமைந்த பிறகு மெட்டுகூடா, லாலாகூடா ரயில்வே குடியிருப்புகளில் மார்கழிக் கோலம்கூடத் தவறுவதில்லை. எல்லாம் இருந்தது. காபி மட்டும் இல்லை.

ஊர் டீ ஊர். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் டீ, தெருமுனையில் டீ, அலுவலக வாசலில் டீ. பம்பாய் வழியாக வந்த ஈரானியர்கள் நகரத்தின் முச்சந்திகளில் எல்லாம் ஓட்டல் திறந்து, பளிங்கு மேஜையும் மர நாற்காலியும் போட்டு, ஹைதராபாத்துக்கு ஒரு பழக்கத்தையே கொடுத்துவிட்டிருந்தார்கள். காபி கேட்டால் பையன் ஒரு கணம் யோசிப்பான். பிறகு கொதிக்கும் பாலில் இன்ஸ்டன்ட் தூளைப் போட்டுக் கலக்கிக்கொண்டு வருவான். முதல் வாரம் அவர் அதை மருந்து போலக் குடித்தார்.

ஈரானி ஓட்டலைக் குறைத்துப் பேச அவருக்கு மனம் வராது. சொல்லப்போனால் அந்த டீயின் இலக்கணம் ஒரு தமிழனுக்குச் சுலபமாகப் புரியக்கூடியது. தேயிலையையும் பாலையும் ஒன்றாகக் கொதிக்கவிடுவதில்லை. மூடிய பாத்திரத்தில் டிகாக்ஷன் தனியாக, மெல்லிய தீயில் நெடுநேரம். பால் தனியாக, சுண்டச் சுண்ட. இரண்டும் சந்திப்பது கோப்பையில்தான். பில்டர் காபியின் சித்தாந்தமும் இதுதானே? முறை ஒன்று, சரக்குதான் வேறு. சார்மினார் பக்கம் நிம்ராவிலும் ரெட் ஹில்ஸில் நிலோஃபரிலும் விடியும் முன்பே கூட்டம் கூடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் டீ டீதான்.

நல்ல காபி நகரத்தில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆபிட்ஸ் தாஜ்மஹால் ஓட்டலில் கிடைத்தது. உடுப்பிக்காரர்கள் கால் வைத்த இடத்தில் எல்லாம் கிடைத்தது. பிரச்சினை, காலை ஐந்து மணி. ஐந்து மணிக் காபிக்கு யாரும் பஸ் ஏறிப் போவதில்லை.

ஆரம்பத்தில் பொடி ரயிலில் வந்தது. சென்னையிலிருந்து மாலையில் புறப்பட்டுக் காலையில் வந்து சேரும் சார்மினார் எக்ஸ்பிரஸில் யார் வந்தாலும், அவர் பையில் அரைக் கிலோ காபிப்பொடி இருக்கும்படி ஏற்பாடு. கல்யாணத்துக்குப் போனவர், கருமாதிக்குப் போனவர், இன்ஸ்பெக்ஷனுக்குப் போன அதிகாரி என்று யாருக்கும் விலக்கு இல்லை. ஆனால் அரைத்த பொடிக்கு ஆயுள் குறைவு. பத்து நாளில் மணம் போய் வெறும் கசப்பு நிற்கும். அடுத்த ஆள் வருவதற்குள் டப்பாவில் இருப்பது காபிப்பொடியா கரித்தூளா என்று சந்தேகம் வந்துவிடும்.

மோண்டா மார்க்கெட் பக்கத்தில் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கடை இருப்பதைக் கண்டுபிடித்தது அவர் அல்ல, அவர் மனைவி. கதையில் இனி நடப்பதெல்லாம் அந்த அம்மாளின் காரியம்தான்.

கடையைக் கண்டுபிடித்தது பாதிதான். ஊர் வழக்கப்படி கடைக்காரர் சிக்கரியை அள்ளிப் போடுவார். சட்டப்படி காபி - சிக்கரி கலவையில் காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும். அதாவது, கிட்டத்தட்டப் பாதி சிக்கரி என்றாலும் அதற்குக் காபி என்ற பெயர் உண்டு. அந்த அம்மாளின் கணக்கு எண்பதுக்கு இருபது. பீபெரியும் பிளான்டேஷன் ஏ-யும் சரி பாதி, கண் எதிரில் வறுக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம்: மெஷினில் முந்தைய வாடிக்கையாளரின் சிக்கரித் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும். நம் கொட்டையில் ஒரு பிடியை முதலில் ஓடவிட்டு, அந்தத் தூளைத் தள்ளிவிட்டு, பிறகுதான் டப்பாவை வைக்க வேண்டும். இதையெல்லாம் கடைக்காரரிடம் எந்த மொழியில் சொல்வது? வந்த ஆறு மாதத்தில் தெலுங்கும், கடைத்தெருவுக்குப் போதுமான அளவு உருதுவும் அவருக்கு வந்துவிட்டன. கணவருக்கு இன்றுவரை அலுவலக இங்கிலீஷும் "க்யா பாய்" என்பதும்தான்.

அடுத்தது பால். தீபாவளி முடிந்தால் எருமைக் கடாக்களுக்கு மாலை போட்டு, கொம்புக்கு வர்ணம் பூசி, மேளதாளத்தோடு சதர் என்று ஒரு விழாவே எடுக்கும் ஊர் ஹைதராபாத். நகரத்து யாதவர்களின் பெருமை அது. ஆகவே வீட்டு வாசலுக்கு வந்தது எருமைப்பால். கொழுப்பு ஆறேழு சதவீதம் உள்ள அந்தப் பால் ஈரானி டீக்கு அமிர்தம். பில்டர் டிகாக்ஷனை அது அமுக்கிவிடும். எவ்வளவு ஊற்றினாலும் நிறம் வருமே தவிர மணம் எழும்பாது. மேலே ஏடு வேறு. பசும்பால் வேண்டும் என்றதும் பால்காரர், வீட்டில் கைக்குழந்தையா என்று விசாரித்தார். காபிக்கு என்று சொன்னபோது அவர் முகத்தில் தோன்றிய இரக்கத்தை அந்த அம்மாள் பல வருஷம் நடித்துக் காட்டியிருக்கிறார். கடைசியில் சீதாபல்மண்டியில் இரண்டு பசு வைத்திருந்த ஒரு குடும்பத்தைத் தேடிப் பிடித்தார். அவர்கள் கொண்டுவந்து தரமாட்டார்கள், போய்க் கறந்து வாங்க வேண்டும். விடிகாலையில் தூக்கை எடுத்துக்கொண்டு நடை. பாக்கெட் பால் நம்பும்படியாக ஆகும்வரை, ஏறக்குறைய ஒன்பது வருஷம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. 1908-ல் மூசி நதி வெள்ளத்தில் ஊரே அழிந்த பிறகு கட்டிய உஸ்மான் சாகர் ஏரியைக் கண்டிப்பேட்டை என்பார்கள். கண்டிப்பேட்டைத் தண்ணீரைக் குடித்தவன் ஹைதராபாத்தை விட்டுப் போகமாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. செகந்திராபாத் குழாயில் வந்தது பெரும்பாலும் மஞ்சீரா தண்ணீர். அதிலும் டிகாக்ஷன் பழுதில்லாமல் இறங்கியது. பின்னாளில் மகன் கொண்டாபூரில் ஃபிளாட் வாங்கி அங்கே குடிபோனபோதுதான் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. பில்டர் துளைகளில் வெள்ளை உப்பு படிந்து, இரவு போட்ட டிகாக்ஷன் காலையில் பாதிகூட இறங்கியிருக்காது. மேல் பாத்திரத்தை காஸ் தீயில் காட்டித் துளைகளைத் திறப்பது வாராந்திரக் கடமை ஆயிற்று.

இத்தனை ஏற்பாட்டின் பலனாக அந்த வீட்டுக் காபிக்கு அலுவலகத்தில் பெயர் இருந்தது. தெலுங்கு நண்பர்கள், மராத்தி மேலதிகாரி எல்லாம் ஞாயிற்றுக்கிழமை தேடி வருவார்கள். "நம்ம வீட்டுக் காபி" என்று அவர் டபராவில் ஆற்றிக் கொடுப்பார். ஆற்றுவது மட்டும் அவர் பங்கு. பில்டரில் பொடி போட்டது ஒரு நாளும் இல்லை. தமிழன் காபியைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறான். எழுதியவர்களில் நாலே முக்காலுக்கு எழுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும்.

2010-ல் அவர் ஓய்வு பெற்ற பிறகு பழைய சகா ஒருவர் பார்க்கஸுக்கு அழைத்தார். நகரின் தென்கோடியில், சாந்திராயண்குட்டா தாண்டி இருக்கிறது பார்க்கஸ். பாரக்ஸ் என்ற ஆங்கிலச் சொல்தான் அப்படித் தேய்ந்தது. நிஜாமின் படையில் சேர ஏமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து வந்த அரபு வீரர்களின் குடியிருப்பு அது. 1948-ல் நிஜாமின் ஆட்சி முடிந்ததும் படை கலைந்தது, மக்கள் தங்கிவிட்டார்கள். கட்டம் போட்ட அரபு லுங்கி, ஹரீஸ், கொய்யாத் தோட்டங்கள் இவற்றுக்குப் பெயர்போன இடம்.

நண்பருக்கு உள்ளூர ஓர் எதிர்பார்ப்பு. காபி என்பதே ஏமன் உலகத்துக்குக் கொடுத்ததுதான். 15-ஆம் நூற்றாண்டில் இரவெல்லாம் விழித்திருந்து இறைவனை நினைக்க அங்குள்ள சூஃபிகள் அதைக் குடித்தார்கள். மோக்கா என்ற பெயரே அந்நாட்டுத் துறைமுகம். 17-ஆம் நூற்றாண்டில் ஹஜ் போய்த் திரும்பிய பாபா புடன் ஏழு கொட்டைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மோண்டா மார்க்கெட்டில் வறுபட்ட பீபெரியின் பூர்விகம் அதுதான். அப்பேர்ப்பட்ட மண்ணின் வாரிசுகள் வீட்டில் என்ன காபி கிடைக்கும்!

டீ கிடைத்தது. ஏடு மிதக்கும் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். சகாவுக்கு அந்த ஏமாற்றம் புரிந்து சிரித்துவிட்டார். தாத்தா காலத்து அரபு மொழி தொழுகையிலும் கல்யாணப் பாட்டிலும்தான் மிச்சம் இருக்கிறது, வீட்டில் பேச்சு உருது, குடிப்பது டீ என்றார். குளிர்காலத்தில் வந்தால் கஹ்வா தருகிறேன் என்றும் சொன்னார். ஜனவரியில் மறுபடியும் போனார்கள், இந்த முறை மனைவியும். நாட்டு மருந்து வாசனையோடு, சுக்கு தூக்கலாக, சூடாக வந்தது கஹ்வா. ஏமனில் கொட்டையை விற்றுவிட்டு அதன் மேல்தோலை இஞ்சியோடு காய்ச்சி கிஷ்ர் என்று குடிக்கும் வழக்கம் உண்டு. அதன் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம். அந்த அம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கணவர் பக்கம் குனிந்தார். "ஏங்க, இது நம்ம சுக்குக் காபி. இதுக்கா ஊர்க்கோடிக்கு வந்தோம்?"

சகாவின் பிள்ளைகள் இருவரும் ஜெத்தாவில். அங்கே விருந்தாளிக்கு முதலில் நீட்டுவது கஹ்வா. கொட்டையை இளம் பொன்னிறமாக மட்டும் வறுத்து, ஏலக்காய் போட்டு, பாலும் சர்க்கரையும் இல்லாமல், பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில், பேரீச்சையோடு. அந்த விருந்தோம்பலை 2015-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. கஹ்வா எவ்வளவு உயர்ந்ததானாலும் அங்குள்ள தமிழனின் ஐந்து மணிக்கு அது விடை அல்ல. அவனும் பெட்டியில் பில்டரை வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறான். சரவண பவன் 2000-ல் தன் முதல் வெளிநாட்டுக் கிளையைத் துபாயில் திறந்தபோது அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

ஹைதராபாத்தில் இப்போது தேடவே தேவையில்லை. கொண்டாபூர், மாதாப்பூர் பக்கம் பித்தளை டபராவில் பில்டர் காபி தராத தெரு இல்லை. பஞ்சாரா ஹில்ஸில் கொட்டையின் ஊர், உயரம் எல்லாம் எழுதி வைத்து விற்கிறார்கள். 2014-ல் மாநிலம் பிரிந்ததில் காபி விளையும் அரக்கு மலை ஆந்திராவோடு போனாலும், அதன் பொடி ஹைதராபாத் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. சிகரெட் கடையில்கூட டிகாக்ஷன் பாக்கெட். ஈரானி ஓட்டல்களில்தான் பல மூடிவிட்டன. பெயர் மட்டும் பிழைத்து, ஈரானி அல்லாதவர்கள் நடத்தும் 'ஈரானி சாய்' கடைகளாகப் பெருகியிருக்கிறது.

2019-ல் அந்த அம்மாளுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆறு வாரம் அடுப்படியில் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். மகனும் மருமகளும் காபிக்கு ஃபோனிலேயே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்றார்கள். 69 வயதில் அவர் முதல்முறையாக பில்டரைக் கையில் எடுத்தார். முதல் நாள் பொடியை அமுக்கும் குடையைப் போட மறந்து, தண்ணீர் கடகடவென்று இறங்கிவிட்டது. இரண்டாம் நாள் அழுத்தியதில் இறங்கவே இல்லை. கட்டிலில் படுத்தபடியே அந்த அம்மாள் குரல் கொடுத்தார்: "தளதளன்னு கொதிக்கிற தண்ணியை, சுத்தி வர ஊத்தணும். ஊத்திட்டு அதைத் திறந்து திறந்து பாக்காதீங்க." நாலாம் நாள் சரியாக வந்தது.

குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். டம்ளரைக் கொடுக்கும்போது, "சாயங்காலம் கீழே கடையிலேர்ந்து ஃபிளாஸ்க்ல டீ வாங்கிட்டு வாங்க. ஈரானி டீ" என்றார்.

அவருக்கு விளங்கவில்லை. வீட்டில் யாருக்கு டீ? தனக்குத்தான் என்றார் அந்த அம்மாள். எப்போதிலிருந்து? வந்த புதுசிலிருந்தே. பக்கத்து குவார்ட்டர்ஸ் தெலுங்குக்கார அம்மாளோடு மோண்டா மார்க்கெட் போகும்போதெல்லாம், கடைக்கு எதிரே இருந்த ஈரானி ஓட்டலின் ஃபேமிலி ரூமில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கோப்பை, இரண்டு பிஸ்கட்.

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேட்கலை. கொட்டை வறுபட அரை மணி ஆகும். அதுவரைக்கும் சும்மாவா உட்கார்ந்திருக்க முடியும்?"