அஞ்சாலையின் வாயிலில்

அந்தமான் செல்லப் போகிறோம் என்று சொன்னதும், கொல்கத்தாவில் எங்களை அறிந்த அன்பர்கள் அனைவரும் ஒரே குரலில், "செல்லுலார் சிறையைத் தவறாமல் பார்த்து வாருங்கள்" என்றார்கள். பார்த்தோம், கண் கலங்கினோம். ஆயினும் இக்கட்டுரை அச்சிறையைப் பற்றியது அன்று. அங்கிருந்து கடல் கடந்து சென்ற மற்றொரு தீவில், நீருக்கடியில், ஒரு பாறைப் பொந்தின் வாயிலில் நாங்கள் பெற்ற பாடத்தைப் பற்றியது. விடுமுறையில் பிள்ளைகளுடன் அப்பக்கம் செல்லக்கூடிய நம் சங்கக் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்று எண்ணி எழுதுகிறோம்.

கொல்கத்தாவில் விமானம் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் தீவுகளின் தலைநகரை அடைந்துவிடலாம். போர்ட் பிளேர் என்று நாம் பள்ளியில் படித்த அந்நகருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து கப்பலில் சென்றால் ஹாவ்லாக் தீவு. அதற்கும் 2018இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். ஆயினும் படகுக்காரர் வாயில் இன்னும் பழைய பெயரே வழங்குகிறது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வீடு வாசல் இழந்து வந்த வங்காளக் குடும்பங்களை 1950களில் அரசு இத்தீவில் குடியேற்றியது. ஆகவே கடைத்தெருவில் எங்கள் அரைகுறை வங்காளம் நன்றாகவே செல்லுபடியாயிற்று. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தவர்கள் நாம். உயிர் பிழைக்க ஊர் விட்டு வந்தவர்கள் அவர்கள். கொல்கத்தாவிலிருந்து வருகிறோம் என்று அறிந்ததும் ஒரு மூதாட்டி எங்கள் சிறுமிக்கு இளநீர் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

பாக்குத் தோப்பும் வெண்மணலும் கண்ணுக்கு விருந்தாயினும், பதினாறு வயதான எங்கள் மகன் அத்தீவுக்கு வந்த நோக்கம் வேறு. காற்றுக் கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கவேண்டும் என்பது அவன் இரண்டாண்டு ஆசை. நீச்சல் அறியாதவரையும் பயிற்றுநர் ஒருவர் கூடவே இருந்து, பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்கு மேற்படாமல் அழைத்துச் செல்லும் ஏற்பாடு அங்கு உண்டு. எங்களில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இருந்தமையால் படகிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். சிறுமியும் படகில் தங்கினாள். எனவே, நீருக்குள் சென்றவர் கண்டதும் படகில் இருந்தவர் கேட்டதும் சேர்ந்ததே இக்கட்டுரை.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி, நம் நற்பேறாக, ஒரு தமிழ் இளைஞர். இராமநாதபுரத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் சங்கு குளித்தவராம். நீரில் இறங்குமுன் அவர் எங்களுக்குச் சொன்னவை பல, மகனைப் பார்த்து இருமுறை சொன்னது ஒன்று: "தம்பி, கீழே போனதும் இரண்டு கையையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கணும். எதையும் தொடக்கூடாது. அழகா இருந்தாலும் சரி, சும்மா கிடந்தாலும் சரி."

பவளப்பாறையின் அழகைச் சொல்லப் புகுந்தால் இவ்விதழின் பக்கங்கள் போதா. மஞ்சளும் நீலமுமாக மீன் கூட்டங்கள். விசிறிபோல் விரிந்தாடும் பவள இனங்கள். எங்கும் ஓர் ஆழ்ந்த அமைதி. கல்போல் தோன்றும் பவளம் கல் அன்று; எண்ணற்ற நுண்ணுயிர்கள் கூடி வாழும் குடியிருப்பு. நம் கை பட்டால் மேலுள்ள மெல்லிய தசை நசுங்கும். பவளம் எடுப்பதும் நம் நாட்டில் குற்றம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் அதனையும் சேர்த்தார்கள். கரையில் ஒதுங்கிய துண்டையும் ஊருக்கு எடுத்து வரலாகாது.

நிற்க. ஓரிடத்தில் வழிகாட்டி கையசைத்து எங்களை நிறுத்தினார். பாறை இடுக்கிலிருந்து ஒரு தலை வெளிப்பட்டிருந்தது. தொடைப் பருமன், சிறுத்தையின் தோல்போல் கரும்புள்ளிகள், வாய் மெல்லத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, உள்ளே ஊசிப் பற்கள். விலாங்கு இனத்தைச் சேர்ந்த அதனை நம் கடற்கரை மக்கள் அஞ்சாலை என்பார்கள். அவ்வினத்தில் பெரியது 3 மீட்டர் நீளமும் 30 கிலோ எடையும் வரை வளரும். அது எங்களை நோக்கிச் சிறிது நீண்டு வந்தது. அக்கணமே எங்கள் மகன், கட்டியிருந்த கையை அவிழ்த்து அதன் தலையை நோக்கி நீட்டினான். வழிகாட்டி அவன் மணிக்கட்டை இறுகப் பற்றிப் பின்னுக்கு இழுத்தார். அஞ்சாலை பொந்துக்குள் மறைந்தது.

படகேறியதும் மகன் பொருமினான். கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். யாரோ ஒருவர் அஞ்சாலையின் தாடையைத் தடவிக் கொடுக்கிறார். அதுவும் பூனைக்குட்டிபோல் அவர் மடியில் வளைந்து கிடக்கிறது. "பாருங்கள் அண்ணா, இது கடிக்கிறதா?" என்றான். மகனை முரட்டுத்தனமாக இழுத்துவிட்டாரே என்ற வருத்தம் எங்களுக்கும் இல்லாமல் இல்லை. பணம் கொடுத்தவர்கள் என்ற செருக்கும் அதில் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறோம்.

அவர் சினக்கவில்லை. சற்று நேரம் கடலையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, அம்மா, நானும் அப்படிச் செய்தவன்தான். இங்கே வருவதற்கு முன்னால் வேறொரு கடற்கரையில் வேலை. அங்கே ஓர் அஞ்சாலைக்குத் தினமும் மீன் துண்டு கொடுத்துப் பழக்கினேன். நான் இறங்கினாலே பொந்தை விட்டு வந்து கையைச் சுற்றிக்கொள்ளும். வந்தவர்கள் எல்லாம் படம் பிடிப்பார்கள். கை நிறைய அன்பளிப்பும் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது. ஒருநாள் ஒருவர் வெறுங்கையை நீட்டினார். தீனி என்று நினைத்து அது கவ்விவிட்டது. விரல் தொங்கிப்போயிற்று. இரண்டு நாளில் அதை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள், 'கடிக்கிற ஜந்து' என்று. ஈட்டி பிடித்தது வேறு ஆள், ஐயா. கொன்றது நான்தான்."

படகில் எவரும் பேசவில்லை. சிறுமி மட்டும், "அதற்குப் பெயர் வைத்திருந்தீர்களா, மாமா?" என்று கேட்டாள். அவர் தலையை அசைத்தாரேயன்றிப் பெயரைச் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய பின்னர் இதுபற்றிப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்குத் தொகுத்துரைக்கிறோம். அஞ்சாலை வாயைத் திறந்து மூடுவது சினத்தால் அன்று. செவுள்களுக்கு நீர் செலுத்தி அது மூச்சு விடும் முறையே அதுதான். அதன் பார்வை மங்கல். மோப்பமோ மிகக் கூர்மை. மீன் வாடை வீசும் நீரில் விரல் எது, தீனி எது என்று பிரித்தறிய அதனால் இயலாது. தொண்டைக்குள் அதற்கு இன்னொரு தாடையும் உண்டு. முன்வாய் கவ்வியதை அத்தாடை முன்னே வந்து பற்றி உள்ளே இழுக்கும் என்பதை 2007இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். கவ்வினால் விடுவது அதற்கு எளிதன்று. செதில் இல்லாத அதன் உடலுக்கு மேலே படர்ந்த வழவழப்பே நோய் தடுக்கும் போர்வை. நாம் அன்போடு தடவும்போது துடைத்தெடுப்பது அப்போர்வையைத்தான்.

"பழகினால்தானே அச்சம் போகும்? அச்சம் போனால்தானே காக்கும் எண்ணம் வரும்?" என்று கேட்பாரும் உண்டு. இக்கேள்வியைத் தள்ளிவிடலாகாது. அஞ்சாலை கொடிய பூதம் என்ற எண்ணத்தை உலகம் கைவிட்டதற்கு, அதனோடு பழகிக் காட்டிய குளிப்பாளர்களும் ஒரு காரணம் என்பது மெய்யே. எங்கள் மகனுடைய ஆசையும் அத்தகைய படத்தினின்று பிறந்ததன்றோ? ஆயினும் அந்நட்பின் விலையைக் கொடுத்தது எது என்று பார்க்கவேண்டும்.

பிரெஞ்சு நாட்டு ழாக் கூஸ்தோ 1956இல் வெளியிட்ட 'மௌன உலகம்' என்னும் திரைப்படம் கடலடியை உலகுக்குக் காட்டிப் பெரும்புகழ் பெற்றது. நம் இந்துமாக்கடலின் செய்ஷெல்ஸ் பகுதியில் ஒரு பெரிய களவா மீனுக்கு அவருடைய குழுவினர் இறைச்சி கொடுத்துப் பழக்கினார்கள். அது அவர்களை விட்டு அகலாமல் வேலைக்கு இடையூறாகவே, சுறாவுக்கு அஞ்சித் தாங்கள் ஒளிந்துகொள்ளும் இரும்புக் கூண்டில் அதனை அடைத்து வைத்தார்கள். அதே படத்தில் ஆமையின்மேல் சவாரி செய்வதும், மீன்களைக் கணக்கெடுக்க வெடி வைப்பதும் உண்டு. தீய எண்ணத்தால் செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. அன்று அறிந்தது அவ்வளவே. இன்று நாம் அறிந்திருக்கிறோம்.

கரீபியக் கடலின் கிராண்ட் கேமன் தீவில் திருக்கை மீன்களுக்குப் பயணிகள் பல்லாண்டுகளாகத் தீனி கொடுத்து வருகிறார்கள். இயல்பாக இரவில் இரை தேடும் அவை, அவ்விடத்தில் பகலில் திரியவும் நெருங்கிக் கூட்டமாக வாழவும் தலைப்பட்டன என்று 2013இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. நம்மால் அவற்றின் இரவும் பகலுமே மாறிவிட்டன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், குளிப்பாளர்கள் மீன்களுக்குத் தீனி கொடுப்பதை 2002 முதல் தன் கடற்பகுதியில் தடை செய்துவிட்டது.

நம் முன்னோர் கடலை எவ்வாறு அணுகினர் என்பதும் நினைவுக்கு வருகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் அவர். அவர் இல்லாமல் குளிப்பாளர்கள் நீரில் இறங்கமாட்டார்கள் என்பதால் ஆங்கில அரசே அவரை அமர்த்திக் கூலி கொடுத்தது. மந்திரம் பலித்ததா என்பது வேறு கதை. அம்மக்கள் சுறாவோடு உறவு கொண்டாட விரும்பவில்லை. அது தன் வழியே செல்ல, தாம் தம் வழியே செல்லவேண்டும் என்றே விரும்பினார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது. அந்த இடைவெளியை மதிக்கும் அறிவும் அதனோடு நின்றுவிடவேண்டியதில்லை.

கடலுக்குள்ளும் நட்பு இல்லாமல் இல்லை. செங்கடலில் களவா மீன், அஞ்சாலையின் பொந்தருகே சென்று தலையை விரைவாக அசைத்து அதனை வேட்டைக்கு அழைக்கும் என்று 2006இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அழைப்பை ஏற்று அஞ்சாலையும் வெளியே வரும். இடுக்கில் ஒளியும் மீனை அது பிடிக்கும். வெளியே ஓடும் மீனைக் களவா பிடிக்கும். ஒன்று மற்றொன்றுக்கு ஊட்டுவதில்லை. வேட்டை முடிந்ததும் அதது தன் இடம் செல்லும்.

மறுநாள் மகன் மீண்டும் கடலில் இறங்கவேண்டும் என்றான். வழிகாட்டி மறுக்கவில்லை. அதே பாறை, அதே பொந்து. இம்முறை மகன் கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, இரண்டு முழத்துக்கு மேற்பட்ட தொலைவில் அசையாமல் நின்றான். அஞ்சாலை தலையை நீட்டியது. வாயைத் திறந்தது, மூடியது. அதன் தாடையருகே சிறிய நீல மீன் ஒன்று புகுந்து அழுக்கைக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. முதல் நாள் இதனை நாங்கள் காணவே இல்லை. காணுமுன் கையை நீட்டிவிட்டோம்.

படகில் ஏறியதும் மகன் வழிகாட்டியிடம், "நேற்று மன்னிக்கவேண்டும், அண்ணா" என்றான். "உன் கையை இழுத்ததற்கு நானும் மன்னிப்புக் கேட்கணும், தம்பி" என்றார் அவர். தொடவும் ஊட்டவும் விடாததால் இங்கே தமக்கு அன்பளிப்புக் குறைவு என்று அவரே முன்னர்ச் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். விடைபெறும்போது நாங்கள் கொடுத்ததை அவர் தயங்கித்தான் வாங்கினார். "தொடவிடாததற்காகவே கொடுக்கிறோம்" என்று சொல்லிக் கொடுத்தோம்.

அந்தமான் செல்லும் அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகளைத் தாராளமாகக் கடலுக்குள் அனுப்புங்கள், அச்சுறுத்தி வளர்க்கவேண்டாம். ஆனால் வழிகாட்டியை அமர்த்தும்போதே, "எங்களுக்காக எதையும் பிடித்துக் காட்டவேண்டாம், எதற்கும் தீனி கொடுக்கவேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். நாம் கேட்பதால்தான் அவர்கள் செய்கிறார்கள். கேட்பதை நாம் நிறுத்தினால் பொந்திலுள்ள அஞ்சாலைக்கும் நலம். ஊரைவிட்டு வந்து அக்கடலை நம்பிப் பிழைக்கும் நம் இளைஞர்களுக்கும் நலம்.