பாலை விட்ட மருமகளுக்கு

பொள்ளாச்சி

அன்புள்ள அம்மிணிக்கு,

அத்தை எழுதுவது. நேற்று ராத்திரி உன் அப்பன், என் தம்பி, போன் போட்டுப் பொரிந்து தள்ளிவிட்டான். நீ பால், தயிர், நெய், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாயாம். காப்பிக்குக்கூடப் பாதாம் பாலாம். "நீ சொன்னால் கேட்பாள், கொஞ்சம் புத்தி சொல்லுக்கா" என்றான். நான் மாடு வைத்திருக்கிறவள், சத்துணவுக் கூடத்தில் காலமெல்லாம் முட்டை அவித்தவள். அதனால் நான் அவன் கட்சி என்று நினைத்துக்கொண்டான் போல. போனில் பேசினால் நாம் ரெண்டு பேரும் கத்துவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மாட்டு விசயம். மாடு சும்மா பால் கறக்காது, கன்று போட்டால்தான் கறக்கும். கிடாரி விழுந்தால் வீட்டில் சிரிப்பு. காளைக்கன்று விழுந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. உன் தாத்தா காலத்தில் காளைக்குத்தான் மவுசு. ஏர் இழுக்கும், வண்டி இழுக்கும், கவலை இறைக்கும். டிராக்டரும் மோட்டாரும் வந்தபின் அதற்கு வேலையில்லை. பால் விற்கிறவளுக்கு அது குடிக்கிற ஒவ்வொரு மடக்கும் நட்டம். சீக்கிரமே வியாபாரி கைக்குப் போய்விடும். பால் வற்றின மாட்டுக்கும் அதே வழிதான். செவ்வாய், வியாழன் இங்கே சந்தையில் நின்று பார், எத்தனை லாரி கேரளாவுக்குக் கிளம்புகிறதென்று. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசுகிற கைதான் கயிற்றை அவிழ்த்தும் கொடுக்கிறது. பால் ஒரு தொழில், கறி வேறு தொழில் என்று சைவக்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம். மாடு வைத்திருக்கிற எவளும் அப்படிச் சொல்லமாட்டாள்.

ஆகவே மாட்டுக்காகத்தான் பாலை விட்டேன் என்று நீ தம்பியிடம் சொன்ன காரணத்தை நான் மறுக்கப்போவதில்லை. அதற்காக என் ரெண்டு மாட்டையும் விற்கப்போவதும் இல்லை. பால் சொசைட்டிப் பணத்தில்தான் என் மருந்து மாத்திரை ஓடுகிறது. நம் தெருவில் காணி நிலம் இல்லாத பெண்களுக்கு அவசரத்துக்கு விற்க இருக்கிற ஒரே சொத்தும் மாடுதான். அவர்களில் ஒருத்தியிடம் போய்ப் பாலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், மாட்டுக்குப் பதில் அவளுக்கு என்ன என்று யோசித்துக்கொண்டு போ. எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

தம்பிக்கு உண்மையான கோபம் மாட்டைப் பற்றியது அல்ல, காசைப் பற்றியது. "இது பணக்காரர் விளையாட்டு" என்கிறான். கினோவா, டோஃபு, டப்பாப் பால் என்று நீ வாங்குவதைக் கேட்டால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. லிட்டர் 250, 300 ரூபாய் கொடுத்து நீ வாங்குகிற பாதாம் பாலில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய். அதையும்விட மலிவாக ஒன்று இருக்கிறது. பச்சை நிலக்கடலைப் பருப்பு 200 கிராம், சுமார் 30 ரூபாய். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் தோலைக் கசக்கி எடுத்துவிட்டு நைசாக அரை. ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுத் துணியில் பிழிந்து, அடிபிடிக்காமல் கிண்டிக் காய்ச்சு. பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவேண்டும், அதில் அவசரப்படாதே. வெதுவெதுப்பாக ஆறினதும் நாலு மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்தால் தயிராகவும் உறையும். முதல் தரம் நெகுநெகுவென்று இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்ததற்குப் புரை குத்து, கெட்டியாகும். மோருக்கும் தாளித்த சாதத்துக்கும் நன்றாகவே இருக்கிறது. காப்பிக்கு ஆகாது. காப்பியைக் கறுப்பாகக் குடிக்கப் பழகு.

பிழிந்த சக்கையைக் கொட்டிவிடாதே, பொரியலில் தேங்காய்க்குப் பதில் தூவு.

புரதம் எங்கிருந்து வரும் என்று தம்பி கேட்கிறான். அவன் வளர்ந்ததே கொள்ளுப் பருப்பிலும் தட்டப்பயறுக் குழம்பிலும் அரிசியும்பருப்பு சாதத்திலும். கறி என்பது நோம்பிக்கும் விருந்தாளிக்கும் மட்டும். நிலக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம், துவரையில் 22. ரேசன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம், பசும்பாலில் 120. ராகியில் இருப்பது அத்தனையும் உடம்பில் ஒட்டாது, முளைகட்டி அரைத்தால் கூடுதலாக ஒட்டும்.

ஆனால் இந்த மலிவுக்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஊறவைக்கவேண்டும், முளைகட்டவேண்டும், கல் பொறுக்கவேண்டும், கொள்ளை வேகவைத்துக் கடையவேண்டும். இதெல்லாம் யார் வேலை? முட்டை பத்து நிமிசத்தில் வெந்துவிடும். காட்டுவேலைக்கோ மில்லுக்கோ போய் இருட்டினபின் வீடு திரும்புகிறவளுக்கு, பருப்பைவிட முட்டை விலை கூட இருந்தாலும் முட்டைதான் மலிவு. உனக்கு ஒரு சமையலறை, ஒரு குக்கர், ஞாயிற்றுக்கிழமை லீவு எல்லாம் இருக்கிறது. உன்னால் முடிகிறது என்பதற்கு இவையும் காரணம்.

முட்டையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1982ல் எம்.ஜி.ஆர். சத்துணவு தொடங்கினபோது முட்டை கிடையாது. 1989ல் கலைஞர் ஆட்சியில் ரெண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது, 2010ல் வாரம் அஞ்சு ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். முட்டை போடுகிற நாளில் வருகைப் பதிவேடு எப்படி நிறையும் என்று நான் பார்த்திருக்கிறேன். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் கோழி இறக்கை விரிக்க இடமில்லாமல் கம்பிக்கூண்டில் நிற்கிறது, அதையும் பார்த்திருக்கிறேன். ரெண்டும் என் கண்ணால் பார்த்ததுதான். கோழிக்காக நீ உன் தட்டிலிருந்து முட்டையை எடு. சத்துணவுக்கு வருகிற பிள்ளை தட்டிலிருந்து எடுக்கச் சொல்லாதே. அதற்கு ஈடான சத்து அதன் வீட்டில் கிடையாது.

இன்னொன்று. சென்னையில் நீ வீடு தேடினபோது "சைவம் மட்டும்" என்று சொல்லி ரெண்டு இடத்தில் கதவைச் சாத்தினார்களே. அவர்கள் கேட்டது உன் சாப்பாட்டையா, சாதியையா என்று உனக்கே தெரியும். இப்போது நீ சொல்கிற சைவம் அதுவாகிவிடக் கூடாது. கூட வேலை செய்கிற பிள்ளை மாட்டுக்கறி டப்பாவைத் திறக்கும்போது மூக்கைச் சுளிக்காதே. அவர்கள் வீட்டில் பல தலைமுறைக்குக் கைக்கெட்டின சத்து அது ஒன்றுதான். வள்ளலாரும் கொல்லாமை சொன்னவர்தான். ஆனால் 1867ல் வடலூரில் அவர் முதலில் மூட்டியது அடுப்பு. பசி என்று வந்தவனிடம் எந்தச் சாதி என்று அங்கே கேட்கவில்லை. அந்த அடுப்பு இன்னும் எரிகிறது. நீ ஒருதரம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வா.

கடைசியாக உடம்பு. பி12 செடிகொடியில் கிடைக்காது. பாலையும் விட்டபின் மாத்திரை கட்டாயம், "இயற்கையாகவே கிடைக்கும்" என்று யார் சொன்னாலும் நம்பாதே. பலருக்குக் கை கால் மரத்துப்போகிற வரை தெரியாது, தெரியும்போது நரம்பு கெட்டிருக்கலாம். டாக்டரிடம் கேட்டு அளவு வாங்கிக்கொள். ரத்தமும் பார். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. கீரையில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடு, சாப்பிட்ட கையோடு டீ, காப்பி குடிக்காதே, இரும்பு சரியாக ஒட்டாது.

தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன். நோம்பிக்கு வரும்போது உனக்குச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் செய்கிறேன், அதில் எப்போதும் மாட்டுப்பால் கிடையாது. ஒப்புட்டுக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் விட்டுப் பார்க்கிறேன், எப்படி வருமோ. ரெண்டு படி கொள்ளு வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். கண்டக்டர் நம்பர் அனுப்புகிறேன், தூங்கிவிடாமல் போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அத்தை