தலவாக்கலை: தந்தை நடந்த மலை

ஹட்டனை விட்டுப் புறப்படும் புகைவண்டி, சிங்கமலைச் சுரங்கத்தின் இருளைக் கடந்து, கொட்டகலையில் சற்றே இளைப்பாறி, தேயிலைச் சரிவுகளின் ஊடே வளைந்து வளைந்து தலவாக்கலையை அடைகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், கொத்மலை ஓயாவின் கரையிலே அமைந்த சிறு பட்டினம் இது. 1885ஆம் ஆண்டில் நானுஓயாவரை இருப்புப்பாதை நீண்டபோது, கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது. பாதை வெட்டியவர்களும், காடழித்துக் கன்று நட்டவர்களும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த எம் முன்னோரே.

தலவாக்கலைக்கு வருவோர் காணவேண்டியவை பல. ஹட்டனிலிருந்து வரும் தார்ச்சாலையின் ஓரத்திலே நின்றால் டெவன் நீர்வீழ்ச்சியும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியும் கண்ணுக்குத் தெரியும். 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் அருகிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்திலே இயங்குகிறது. பட்டினத்தை ஒட்டியே மேல் கொத்மலை நீர்த்தேக்கம் பரந்து கிடக்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய அந்தத் திட்டம் 150 மெகாவாட் மின்சாரம் தரவல்லது. ஆற்று நீர் மலைக்குள் குடைந்த சுரங்கத்தின் வழியே போய்விடுவதால், சென் கிளயர் இப்போது பழைய சென் கிளயர் அன்று. முன்னாளில் அதன் இரைச்சலைக் கேட்டவர்களுக்கு இன்றைய அமைதி சற்று விசித்திரமாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம் நாமும் பார்த்தோம். ஆயினும் நாம் இம்முறை இவ்வூருக்கு வந்தது வேறொன்றை நாடி. 1981இல் மறைந்த எம் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலைசெய்த மலைகளை ஒருமுறை நடந்து பார்க்கவேண்டும் என்னும் எண்ணமே எம்மை அழைத்து வந்தது.

அவர் கவ்வாத்துக்காரர். தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாக வளர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வளைந்த கத்தியால் அதனை வெட்டி இறக்கினால்தான் கைக்கெட்டும் உயரத்தில் மறுபடியும் கொழுந்து கிடைக்கும். கொழுந்து எடுப்பது பெண்களின் வேலை. கவ்வாத்து வெட்டுவது ஆண்களின் வேலை. விடியுமுன் தப்பு ஒலிக்கும். பிரட்டுக்களத்திலே ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்புவார்கள். குறித்த கணக்குச் செடிகளை வெட்டி முடித்தால் அன்றைக்கு ஒரு ‘பேர்’. முடியாவிட்டால் ‘அரைப்பேர்’, அதாவது அரைநாட் சம்பளம். மனிதனின் பெயரே கூலிக்கு அளவாகிவிட்டது தோட்டத்துத் தமிழிலே!

தந்தையார் அரைப்பேர் வாங்கியவர் அல்லர். அது அவருடைய பெருமை. வேறு பெருமை அவரிடம் நாம் கண்டதில்லை. வேறு பேச்சும் கேட்டதில்லை. மாலையில் லயத்துக்குத் திரும்பியதும் பீலியில் உடம்பைக் கழுவிக்கொண்டு இஸ்தோப்பிலே குந்துவார். அவர் வந்துவிட்டார் என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடியான அந்தக் காம்பராவுக்குள் எங்கள் சத்தம் அடங்கிவிடும். கையோங்குவதற்கு அவருக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. படிப்பிலே கெட்டிக்காரியாக இருந்த எம் தமக்கையைப் பதினான்கு வயதில் பள்ளியை விட்டு நிறுத்திக் கொழுந்துக்குப் பேர் பதிந்தார். அம்மா அழுதார், அக்கா இரண்டு நாள் உண்ணவில்லை. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் தோட்டமே காரணம் என்று எழுதிவிடுவது எளிது. அதில் உண்மையும் உண்டு. பிரட்டுக்களத்திலே கங்காணிக்கும், கணக்குப்பிள்ளைக்கும், துரைக்கும் முன்னால் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு நிற்கவேண்டியவர், தாம் அதிகாரம் செலுத்தக்கூடிய ஒரே இடம் அந்தக் காம்பராதான் என்று எண்ணியிருக்கலாம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதி மக்கள் கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தேர்தலில் வென்ற இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினர் எழுவரில் அவரும் ஒருவர். தந்தையார் அன்று வாக்களித்தவர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டமும், அதைத் தொடர்ந்து 1949இல் வந்த சட்டத் திருத்தமும் அவரைப் போன்றோரை நாடற்றவராக்கி வாக்குரிமையையும் பறித்தன. அதன்பின் அவர் வாழ்நாளில் வாக்குச்சாவடிப் பக்கமே போகவில்லை. போக உரிமையும் இருக்கவில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதே லயத்திலே, அதே பிரட்டுக்களத்திலே நின்ற மற்றத் தகப்பன்மார் சிலர் தங்கள் பிள்ளைகளைத் தோளிலே தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். காமன்கூத்தில் வேடம் கட்டி ஆடிச் சிரிக்க வைத்தார்கள். ஆகவே, அவருடைய கடுமையிற் பாதி தோட்டம் தந்தது என்றால், மறுபாதி அவருடையதே.

அவருக்கும் எமக்கும் இருந்த ஒரே உரையாடல் மாதத்துக்கு ஒருமுறை சம்பள நாளில் நிகழும். அவருக்கு எழுத்துத் தெரியாது. சம்பளச் சீட்டை எம்மிடம் நீட்டி, “எத்தனை பேர்?” என்று கேட்பார். நாம் படித்துச் சொல்வோம். தலையை அசைத்துவிட்டுச் சீட்டை மடித்துத் தகரப்பெட்டியில் வைப்பார். அவ்வளவுதான்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எம் மக்களைத் தொகை போட்டுப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது என்பது ஏற்பாடு. எம் சிற்றப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். தந்தையாரோ இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார். இறக்கும்வரை அவருக்கு விடை வரவில்லை. 1971இல் சிற்றப்பா குடும்பம் புறப்பட்டபோது அப்பாயியும் அவர்களோடு போனார். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச்சென்ற அந்தப் புகைவண்டிக்கு மலைநாட்டு மக்கள் வைத்த பெயர் ‘அழுகைக் கோச்சி’. மேடையில் நிற்பவர்களும் பெட்டியில் இருப்பவர்களும் ஒன்றாய் அழும் ஓசையைக் கேட்டவர்களுக்கு அப்பெயரின் பொருள் விளங்கும்.

தோட்டத்தில் பாதிப்பேர் அன்று நிலையத்தில் இருந்தார்கள். பெற்ற தாயை வழியனுப்பத் தந்தையார் வரவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அப்பாயி பெட்டியின் சன்னல் வழியாகக் கடைசிவரை பார்த்துக்கொண்டே போனார். பின்னர் அவரை நாங்கள் காணவில்லை.

அந்த மாதச் சம்பளச் சீட்டையும் நாமே படித்தோம். “இருபத்து மூன்றரை” என்றோம். தந்தையார் வழக்கம்போலத் தலையை அசைக்கவில்லை. சீட்டை வாங்கி நெடுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மடித்துப் பெட்டியில் வைத்தார். அந்த அரை எந்த நாளின் அரை என்று சீட்டுச் சொல்லாது. அவரும் சொல்லவில்லை. அந்த வீட்டிலே அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்கா 1919இல் தம் தந்தைக்கு மிக நீண்டதொரு கடிதம் எழுதினார். உங்களிடம் எனக்கு ஏன் இந்த அச்சம் என்பதே அதன் பொருள். அக்கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. பிராக் நகரத்து வணிகர் வீட்டிலும் தலவாக்கலைத் தோட்டத்து லயத்திலும் தந்தைக்கும் மகனுக்கும் நடுவே நின்ற சுவர் ஒன்றுதான் போலும். ஆனால் காஃப்காவின் தந்தைக்குப் படிக்கத் தெரியும். எம் தந்தைக்கு நாம் எழுதியிருந்தாலும், அதை நாமே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்திருக்கும்!

நாம் போன அன்று அந்த மலையில் கவ்வாத்து முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. பச்சை ஏதுமின்றிக் கருத்த முட்டுக்கட்டைகளாய்ச் செடிகள் நின்றன. வெட்டி விழுந்த மிலாற்றை அடுப்புக்காகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஒரு மூதாட்டி இறங்கி வந்தார். வெட்டினால்தான் தேயிலை தழைக்கும். தந்தையின் கண்டிப்பும் அத்தகையதே என்று இவ்விடத்தில் ஓர் அறிவுரையை எழுதிவிடலாம். நாம் எழுதமாட்டோம். தேயிலைக்குப் பொருந்துவது பிள்ளைக்குப் பொருந்தாது. பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட எம் தமக்கை, நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்தபின் இன்று தலவாக்கலையில் பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார். அப்பாவை அவர் மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி நாமும் அவரைக் கேட்டதில்லை. அந்தக் கணக்கு அக்காவுக்கும் அப்பாவுக்கும் உரியது.

ஆனால் தகரப்பெட்டியை இத்தனை காலமும் காத்து வைத்திருப்பவரும் அக்காவே. அன்று மாலை அதைத் திறந்து பார்த்தோம். துரு ஏறிய மூடிக்குள் சீட்டுகள் மாத வரிசையில் இருந்தன. எழுத்தறியாத மனிதர் வரிசை பிசகாமல் எப்படி அடுக்கினாரோ! ஒன்று மட்டும் வரிசையில் இல்லை. இருபத்து மூன்றரை என்றிருந்த அந்தச் சீட்டு, எல்லாவற்றுக்கும் அடியிலே, அப்பாயியின் பழைய புகைப்படத்தோடு சேர்த்து மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அதைக் கண்டதனால் அவர் நல்ல தந்தையாகிவிடவில்லை. அக்காவின் பதினான்காம் வயது திரும்பி வந்துவிடவுமில்லை. எனினும், கடுமையான தந்தையரைப் பெற்ற பிள்ளைகள் நம்மிடையே பலர் உண்டு. அவர்களுக்குச் சொல்ல ஒன்று எம்மிடம் இருக்கிறது. முழுப்பேர் போட மனம் வராத இடத்தில், பேரே இல்லையென்று அடித்துவிட வேண்டியதில்லை. அரைப்பேர் என்றும் ஒரு கணக்கு மலையிலே உண்டு.