சுமை அறியும் தசை

இதயத் தசைச்செல்கள், நாம் பிறந்தபின் பிரிந்து பெருகும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றன. அதன்பின் கூடும் சுமையையெல்லாம் இருக்கும் செல்களே பருத்தும் நீண்டும் தாங்க வேண்டும். படிக்கும் நாளில் இவ்வுண்மை என்னை வியக்க வைத்தது. தந்தையின் நோய் வந்தபோது கலங்கவும் வைத்தது.

செல்சவ்விலும் உள்ளிழைகளிலும் இழுவிசையை உணரும் புரதங்கள் உள்ளன. டைட்டின் என்னும் மாபெரும் புரதம் சுருள்வில்போல் நீண்டு மீள்கிறது. இழுவை மிகும்போது செய்தி உட்கருவை எட்டுகிறது. புதிய புரதங்கள் உருவாகின்றன. நிரம்பும் குருதியின் அளவு மிகுந்தால், சுருங்கும் அலகுகள் தொடராக இணைந்து செல் நீள்கிறது. எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தம் மிகுந்தால், அவை பக்கவாட்டில் அடுக்கப்பெற்றுச் செல் பருக்கிறது.

1899இல் சுவீடன் மருத்துவர் ஹென்ஷென், பனிச்சறுக்கு வீரர்களின் இதயம் பெரிதாயிருப்பதைக் கண்டறிந்தார். அது பயிற்சியின் பேறு. பயிற்சி நின்றால் பெரும்பாலும் தணியும். என் தந்தையின் இதயச் சுவரும் தடித்தது. ஆனால், அது பல்லாண்டுகள் அறியப்படாதிருந்த உயர் குருதியழுத்தத்தின் விளைவு. வீரரின் இதயத்திற்கு ஓட்டத்திற்குப்பின் ஓய்வுண்டு. தந்தையின் இதயமோ உறக்கத்திலும் அச்சுமையைச் சுமந்தது. இடைவிடாச் சுமையில் தசைகளுக்கிடையே நார்த்திசு படிந்து சுவர் விறைத்தது.

மருந்தும் உப்புக் குறைப்பும் சுமையை இறக்கின. ஈராண்டுகளில் சுவரின் தடிப்புச் சற்றே குறைந்ததை எக்கோ சோதனை காட்டியது. வளரத் தெரிந்த செல்லுக்குச் சுமை நீங்கினால் தணியவும் தெரிகிறது. மாணவர்களே, உங்கள் இல்லத்துப் பெரியோரின் குருதியழுத்தத்தை அளந்தறியச் செய்யுங்கள். ஓசையின்றி உழைப்பவரின் சுமையை நாம்தாம் கேட்டறிய வேண்டும்.