கழுகுக் கூட்டில் நான்காவது வாய்

கொல்லத் தூக்கிய கால்களே கூட்டில் கொணர்ந்து சேர்த்தன. கிழிக்க வேண்டிய அலகே ஊட்டி வளர்த்தது. கதையன்று தோழர்களே! கண்டோர் பலர், படமும் உண்டு. அந்தப் படத்தை நாமும் ஒருமுறைக்கு நான்கு முறை பார்த்தோம்.

கனடாவின் மேற்குக் கரையில் வான்கூவர் தீவு. அதிலே சிட்னி என்றோர் ஊர். ஆஸ்திரேலியப் பெருநகரன்று, அதே ஒலியுடைய சிற்றூர். 2017-ஆம் ஆண்டு அங்கே மர உச்சியொன்றில் வெண்தலைக் கழுகிணை மூன்று குஞ்சுகளை வளர்த்து வந்தது. அவற்றிடையே நான்காவதாக ஒன்று! உருவிலே சிறிது, நிறத்திலே வேறு. செவ்வால் பருந்தின் குஞ்சு அது. கழுகுக்கும் அந்தப் பருந்துக்கும் கடும் பகை. வளர்ந்த பருந்து ஒரு கிலோ என்றால், கழுகு நான்கைந்து கிலோ. பருந்தின் குஞ்சு அதற்கு இரை. அந்தக் கழுகோ இறைச்சியைக் கிழித்து மூன்று வாய்க்கும் கொடுத்து, நான்காவது வாய்க்கும் நீட்டுகிறது!

உடன் பார்த்த நண்பர் மேடைப் பேச்சாளர். துள்ளி எழுந்தார். "பிறப்பாவது, குலமாவது! பறவைக்குத் தெரிந்த நீதி மனிதனுக்குத் தெரியவில்லையே!" என்றார். அடுத்த கூட்டத்துக்குப் பேச்சு கிடைத்துவிட்ட பூரிப்பு அவருக்கு. நமக்கும் இனிக்கத்தான் செய்தது. இனித்ததாலேயே ஐயமும் எழுந்தது.

மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் டேவிட் பேர்ட் (பெயரின் பொருளே பறவைதான்!) போன்ற ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது: உணவாகத் தூக்கி வரப்பட்ட குஞ்சு உயிரோடு கூட்டில் விழுந்திருக்கும். பசியால் வாய் பிளந்து கத்தியிருக்கும். இரை கேட்கும் வாயைக் கண்டால் ஊட்டுவது தாய்ப்பறவையின் இயல்பூக்கம். யார் பெற்ற வாய் என்று கழுகு கேட்கவில்லை. கேட்க அதற்குத் தெரியாது. 2022-இல் அதே மாநிலத்துக் காபிரியோலா தீவில், கூட்டருகே பொருத்திய படக்கருவி, கழுகு பருந்துக் குஞ்சை உயிரோடு கொணர்ந்ததையும், பின்னர் ஊட்டி வளர்த்ததையும் பதிவு செய்தது. ஊகத்துக்கு வலுவான சான்று கிடைத்தது.

நண்பரிடம் சொன்னோம்: "இது அருளன்று, தவறிய வேட்டை. கழுகை நம் பக்கம் சாட்சிக்கு அழைத்தால், நாளை எதிரியும் அழைப்பான். வலிய கழுகுக் குஞ்சு எளிய உடன்பிறப்பைக் கொத்திக் கொல்வதும் உண்டே! ஏற்றத்தாழ்வு இயற்கை விதித்தது என்று அதைக் காட்டுவான். அப்போது எந்த முகத்தோடு மறுப்பீர்? மனிதர் சமம் என்பதற்குக் கழுகின் சான்றிதழ் எதற்கு?"

"இதைச் சொன்னால் மேடையில் யார் கைதட்டுவார்?" என்று முகம் சுளித்தார் அவர். தட்டமாட்டார்கள்தான்.

பறவையறிஞரின் கவலையோ வேறு. கழுகையே தன்னினமென்று எண்ணிப் பறக்கும் அந்தப் பருந்து, வேறொரு கழுகை நெருங்கினால் என்னாகும்? அங்கே அது குஞ்சாக இராது, இரையாகிவிடும். கழுகுக் குஞ்சு பறக்கப் பத்துப் பன்னிரண்டு வாரம் வேண்டும். செவ்வால் பருந்துக்கு ஏறத்தாழ ஆறு வாரம் போதும். 2017 ஜூன் இறுதியில் அது சிறகை விரித்தது. சில காலம் உணவுக்குக் கூட்டுக்கே திரும்பியது. பின்னர் தானே இரை தேடத் தொடங்கியது.