இரண்டு குவளை என்றால் எவ்வளவு?

கோடை பிறந்துவிட்டால் ஆண்டுதோறும் ஒரே வேண்டுகோள் பலரிடமிருந்து வருகிறது. பீரையும் டெக்கீலாவையும் எலுமிச்சைச் சாற்றோடு கலந்து எங்கள் மொட்டைமாடிக் கூடுகைகளில் நான் வைக்கும் பானத்தின் செய்முறையை எழுதித் தர வேண்டுமாம். இதுவரை வாய்மொழியாகவே சொல்லிவந்தேன். எழுதாமைக்குக் காரணம் சோம்பல் அன்று. செய்முறையை எழுதினால் அதன் பின்னால் இருக்கும் ஓர் இரவையும் எழுதியாக வேண்டும். அந்த இரவுக்கு உரியவன் சென்ற சனிக்கிழமை என் அடுக்களையில் எலுமிச்சை நறுக்கிக்கொண்டே, "எழுதுங்கக்கா, என் பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்றான். ஆகவே எழுதுகிறேன்.

இந்தப் பானத்தை அமெரிக்காவில் பீர் மார்கரீட்டா என்கிறார்கள். அந்நாட்டு வீட்டு விருந்துகளின் அடுக்களையில் பிறந்த எளிய கலவை இது. உறைநிலையில் விற்கப்படும் இனிப்பூட்டிய எலுமிச்சைச் சாற்று டப்பா ஒன்றைத் திறந்து குடுவையில் கவிழ்ப்பார்கள். அதே வெற்று டப்பாவால் ஓர் அளவு டெக்கீலா, ஓர் அளவு தண்ணீர், ஓர் அளவு பீர். அளவுக் குவளை வேண்டாம், குலுக்கும் பாத்திரம் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். டப்பாவே படி. இந்த எளிமைதான் என்னையும் கவர்ந்தது. ஐதராபாத்தின் நாற்பது பாகை வெயிலில், ஆய்வு மாணவர்களின் வாடகை வீட்டில், ஒரு தோழி ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வந்த மாலையில், வேறெதைச் செய்வது?

ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மாலையில் நான் செய்தது இது. உறைந்த டப்பா இங்கே கிடைக்காதாகையால் எலுமிச்சையைப் பிழிந்து சர்க்கரைப் பாகு சேர்த்தேன். அளவுக்கு 300 மில்லிலிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் குவளையை எடுத்துக்கொண்டேன். இனித்த சாறு ஒரு குவளை, வெளிநாட்டிலிருந்து யாரோ வாங்கி வந்திருந்த டெக்கீலா ஒரு குவளை. பனிக்கட்டி எப்படியும் உருகும் என்று தண்ணீரை விட்டுவிட்டேன். பீரையும் ஒரு குவளை மட்டும் ஊற்றிவிட்டு மீதியை என்ன செய்வது என்று தோன்றியதால் 650 மில்லிலிட்டர் புட்டி முழுவதையும் சாய்த்தேன். அந்தப் புட்டியின் மேல் என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. நம் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தரப்படும் பெரும்பாலான பீரைப் போல அதுவும் 'ஸ்ட்ராங்' வகைதான். எங்கள் குளிர்பெட்டியின் உறைகூடம் சிறியது. எட்டு மணிக்கே பனிக்கட்டி தீர்ந்துவிட்டது. அதன் பிறகு குவளைகள் விளிம்பு வரை பானத்தால் மட்டுமே நிரம்பின.

அவன் அப்போது முதுகலை முதலாண்டு. தர்மபுரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவன். அதுவரை குடித்ததில்லை. நான்தான் குவளையை நீட்டினேன். ஒரு வாய் பருகிவிட்டு, "சர்பத் மாதிரி இருக்குக்கா" என்றான். எனக்கு அது பாராட்டாகப் பட்டது. உண்மையில் அது எச்சரிக்கை. குளிர்ச்சி மதுவின் காரத்தை மழுங்கச் செய்கிறது. இனிப்பும் புளிப்பும் எஞ்சியதை மறைத்துவிடுகின்றன. விளிம்பில் தடவிய உப்பு பீரின் கசப்பை அடக்குகிறது. இப்பானத்தின் இனிமை என்று எதைச் சொல்கிறோமோ அது முழுவதும் ஒரு மறைப்பு வேலை. வெறும் டெக்கீலாவை அவன் நாக்கில் வைத்திருந்தால் நாக்கே அவனைக் காப்பாற்றியிருக்கும்.

ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு குவளை குடித்தான். வெயில் நாள், வெறும் வயிறு. பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். பத்தரைக்கு வாந்தி. அதன் பிறகு பெயர் சொல்லி அழைத்தும் விழி திறக்கவில்லை. 'தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்' என்று ஒருவர் சொன்னார். இந்தச் சொற்றொடரை நீங்கள் எப்போதாவது கேட்டால் நம்பாதீர்கள். மல்லாந்து கிடப்பவரின் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போய்விடும். எழுப்பியும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை அறிந்திருந்த ஒரே ஒருவர், அன்று குடிக்காதிருந்த ஒரே ஒருவர், அவனைத் தன் மடியில் ஒருக்களித்துச் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

பணியிலிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடித்தார்?"

"இரண்டு குவளை" என்றேன்.

"இரண்டு குவளை என்ன?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் ஆய்வேட்டின் அட்டவணைகளில் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் எழுதுகிறவள் நான். பக்கத்தில் நின்றவர்களுள் ஒருவர் புள்ளியியல் ஆய்வாளர். நான் கலந்து, நான் நீட்டியதில் என்ன இருந்தது என்பதை எங்கள் எவராலும் சொல்ல முடியவில்லை. அவர் பேசாமல் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றும் மறக்கவில்லை.

விடியற்காலையில் கண் விழித்தவன் கேட்டது ஒன்றுதான்: "வீட்டுக்குச் சொல்லலியேக்கா?" சொல்லவில்லை. அவன் தந்தையைக் குடி கொண்டுபோனது என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரியும். தாயிடம் சொல்லிவிட்டு வந்திருந்த ஒரு சொல்லை அன்று அவன் என் கையால் மீறியிருக்கிறான். மூத்தவர் நீட்டும் குவளையைத் தள்ளிவைக்க, ஊரைவிட்டு வந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு மாணவனால் முடியுமா? நம் பல்கலைக்கழகக் கூடுகைகளில் யாரும் யாரையும் வற்புறுத்துவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். வற்புறுத்தத் தேவையில்லாத இடத்தில் நாம் இருக்கிறோம், அவ்வளவுதான்.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டெக்கீலா 300 மி.லி., 40 விழுக்காடு எனில் தூய ஆல்கஹால் 120 மி.லி. பீர் 650 மி.லி., 8 விழுக்காடு எனில் 52. ஆக 172. குடுவையின் மொத்தக் கொள்ளளவு 1250 மி.லி. அதாவது ஏறக்குறைய 14 விழுக்காடு. திராட்சை மதுவின் வலிமை. அதை எலுமிச்சைச் சாறு குடிக்கும் வேகத்தில் குடித்திருக்கிறோம். நம் நாட்டு விஸ்கி, ரம் வகைகள் 42.8 விழுக்காடு. அவற்றில் 30 மி.லி. பெக் ஒன்றில் இருப்பது 13 மி.லி.க்குச் சற்றே குறைவு. என் குவளை ஒன்றில் இருந்ததோ 41. ஒரு குவளைக்கு மூன்று பெக்குக்கும் மேல். இரண்டு குவளைக்கு ஆறுக்கும் மேல். மருத்துவருக்குச் சொல்ல வேண்டிய விடை அதுதான். கூட்டலும் வகுத்தலும் தெரிந்த எவரும் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு.

அதற்குப் பின் இரண்டு கோடைகள் நான் எதையும் கலக்கவில்லை. மீண்டும் தொடங்க வைத்தவர் குவாதலஹாராவிலிருந்து ஓராண்டு ஆய்வுக்காக வந்திருந்த தோழி. அவருடைய ஊர் ஹலிஸ்கோ மாநிலத்தின் தலைநகர். டெக்கீலா என்ற சிற்றூரும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. என் பழைய செய்முறையைக் கேட்டுச் சிரித்தார். அவர்கள் வீட்டில் நல்ல டெக்கீலாவைத் தனியாகச் சிறுகச் சிறுகப் பருகுவார்களாம். பக்கத்தில் சங்ரீத்தா என்ற காரமும் புளிப்புமான சாறு இருக்குமாம். கலக்க வேண்டுமென்றால் பம்பளிமாஸ் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் சோடாவோடு கலந்த பலோமா. பீருக்குத் துணை எலுமிச்சையும் உப்பும் மட்டுமே, அது செலாடா. மிளகாயும் சாஸும் சேர்ந்தால் மிச்செலாடா. பீரையும் டெக்கீலாவையும் ஒரே குடுவையில் கவிழ்ப்பது வடக்கு எல்லைக்கு அப்பால் உள்ளவர்களின் அவசரம் என்பது அவர் கட்சி. ஆனால் செய்தபோது இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

எங்கள் சந்தையில் எலுமிச்சையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எங்கள் வீட்டுப் பழம்" என்றார் அவர். சரிதான். அமெரிக்கக் கடைகளில் விற்கும் பெரிய, விதையற்ற பச்சைப் பழம் வேறு இனம். மெக்சிகோவின் அடுக்களைப் பழம் நம்முடைய சின்ன, மெல்லிய தோலுள்ள, விதை நிறைந்த எலுமிச்சையே. ஆசியாவில் தோன்றி, அராபியர் வழியாக மத்தியதரைக் கரைகளுக்குப் போய், ஸ்பானியர்களோடு கடல் தாண்டிய பழம் அது. பதிலுக்கு அங்கிருந்து வந்தது கற்றாழை. ஐரோப்பியர் வழியே இந்தியாவை அடைந்து, தக்காணத்தின் பாறை நிலங்களில் வேலியாகவும் நாராகவும் நிலைத்தது. ஆனைக்கற்றாழை என்றும் ரயில் கற்றாழை என்றும் நாம் பெயரிட்டு, நம் ஊர்ச் செடியென்றே நினைத்துவிட்டோம். எங்கள் வளாகப் பாறைகளுக்கிடையே அது நிற்பதை அவருக்குக் காட்டினேன். டெக்கீலாவுக்குரிய நீலக் கற்றாழையின் தாயாதி இது.

நீலக் கற்றாழை முதிர ஆறேழு ஆண்டுகளாவது ஆகும். பிறகு ஹிமதோர் எனப்படும் அறுவடைக்காரர் நீண்ட கைப்பிடியுள்ள வட்டக் கத்தியால் இலைகளைச் சீவிக் கிழங்கு போன்ற நடுத்தண்டை எடுப்பார். அதை வேகவைத்தால்தான் உள்ளிருக்கும் ஃபிரக்டான்கள் சர்க்கரையாகும். அதன் பிறகே நொதித்தலும் வடித்தலும். ஹலிஸ்கோ முழுவதும் வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளும் தவிர வேறெங்கு வடித்தாலும் அதை டெக்கீலா என்று அழைக்க முடியாது. 1974 முதல் அப்பெயருக்குப் புவிசார் காப்பு உண்டு. ஆகவே ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியில் தக்காணக் கற்றாழையிலிருந்து வடிக்கப்படும் தெஸ்மண்ட்ஜி, கற்றாழை மது என்றே அழைக்கப்படுகிறது. இந்தக் கலவைக்கு அதுவே போதும், வெளிநாட்டுப் புட்டிக்காக உதவித்தொகையைக் கரைக்க வேண்டாம். எதை வாங்கினாலும் புட்டியில் '100 விழுக்காடு கற்றாழை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு வரை வேறு சர்க்கரையிலிருந்து வந்திருக்கலாம்.

இனி செய்முறை. எட்டுப் பத்து எலுமிச்சையைப் பிழிந்தால் 150 மி.லி. சாறு கிடைக்கும். அன்றே பிழிந்ததாக இருக்க வேண்டும். வீட்டுக்குள் பிழியுங்கள், கையைக் கழுவிவிட்டு வெளியே போங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் எழும். சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்த பாகு 150 மி.லி. இரண்டையும் 250 மி.லி. குளிர்ந்த நீரோடு கலந்து, ஒரு சிட்டிகை உப்பிட்டு, இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்ந்தபின் இனிப்பு குறைவாகத் தெரியும், பதறிப் பாகு சேர்க்காதீர்கள். விருந்தினர் வந்தபின் 120 மி.லி. டெக்கீலாவை அளந்து ஊற்றுங்கள். கண்ணளவு கூடாது. கடைசியாக, 5 விழுக்காட்டைத் தாண்டாத லாகர் பீர் ஒரு பெரிய புட்டி, நன்கு குளிர்ந்தது. குடுவையைச் சாய்த்து அதன் சுவரோடு மெதுவாக இறக்க வேண்டும். கரண்டியால் ஒரே ஒரு சுற்று. அதற்கு மேல் கிளறினால் நுரையாகப் பொங்கிக் காற்றெல்லாம் போய்விடும், மிக்சியில் அடிக்கும் பேச்சே வேண்டாம். குவளை விளிம்பில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து, இந்துப்பும் மிளகாய்த் தூளும் கலந்த தட்டில் கவிழ்த்து எடுங்கள். குவளை நிறையப் பனிக்கட்டி. தேவையென்று தோன்றுவதைப் போல இரு மடங்கு வாங்கி வைப்பது நல்லது.

குடுவையில் இப்போது இருப்பது 1320 மி.லி., 6 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். பனிக்கட்டி போக 200 மி.லி. ஊற்றினால் ஒரு குவளை ஒரு சிறிய பெக்குக்குச் சமம். இந்த எண்ணுக்காகவே டெக்கீலாவைக் குறைத்தேன். சுவையில் வேறுபாடு கண்டுபிடித்தவர் இதுவரை ஒருவருமில்லை.

பக்கத்தில் மதுவில்லாத இரண்டாவது குடுவை ஒன்று எப்போதும் இருக்கும். அதே எலுமிச்சை, அதே பாகு, பீருக்குப் பதில் சோடா, அதே மிளகாய் உப்பு, அதே குவளைகள். எந்தக் குடுவையிலிருந்து யார் எடுக்கிறார் என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அவரவரே ஊற்றிக்கொள்ள வேண்டும், நான் யாருக்கும் நீட்டுவதில்லை. பானத்துக்கு முன்பே சோறு மேசைக்கு வந்துவிட வேண்டும்.

அவன் இப்போது வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவன். கோடை விடுமுறையில் இந்தப் பக்கம் வந்தால் எலுமிச்சை நறுக்குவது அவன் பொறுப்பு. குடிப்பது இரண்டாவது குடுவையிலிருந்துதான். சென்ற சனிக்கிழமை குடுவைகளுக்கு முன்னால் வைக்கும் அட்டையையும் அவனே எழுதினான். முதல் அட்டையில் '1 குவளை = 1 பெக்' என்று இருந்தது. இரண்டாவதில் 'சர்பத்' என்று மட்டும். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பத்து மணிக்குப் புளியோதரைதான் முதலில் தீர்ந்தது. பிறகு சர்பத். முதல் குடுவையில் கால் பங்கு நுரை போய் மிஞ்சியிருந்ததைத் தொட்டிமுற்றத்தில் கொட்டிவிட்டுக் குவளைகளைக் கழுவி வைத்தோம்.