உடும்பஞ்சோலையில் எத்தனை எழுத்து?

உடும்பஞ்சோலை என்னும் பெயரைப் பள்ளிப் பிள்ளை விரல்விட்டு எண்ணினால் 7 எழுத்து. பைத்தானின் லென் சார்பு 12 என்கிறது; உயிர்மெய்யின் துணைக்குறிகளும் புள்ளியும் யூனிக்கோடில் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். பைட்டுகளை எண்ணினாலோ 36. ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரலகம் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தருகிறது. அதை உள்ளே வைத்துப் பேச்சுப் பதிவுகளை ஏற்றவும், எழுத்தெண்ணவும், சொல்லடைவு ஆக்கவும் ஒரு கிளாஸ் எழுதிக்கொள்வது ஆய்வாளருக்குக் கடினமன்று. (பாடநூல் இதனை 'இனக்குழு' என்கிறது. சமூக மொழியியல் படிப்போர் அச்சொல்லைக் கண்டு ஒருகணம் திகைப்பர்.)

அதனை ஓட்டப்போவது யார் என்பதே கேள்வி. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் வந்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்து திரும்புவோரின் தமிழையும், தோட்டங்களிலேயே தலைமுறைகளாகத் தங்கிவிட்டோரின் மலையாளம் கலந்த தமிழையும் பதிவு செய்யச் செல்லும் முதுகலை மாணவர் பலர் நிரல் எழுதியவரல்லர். கிளாஸை இறக்குமதி செய், பொருளை உருவாக்கு, மெத்தடை அழை என்றால் அவர்கள் ஒதுங்கிவிடுவர். கட்டளையின் பெயரும் கோப்பின் பெயரும் போதும் என்றால் பயன்படுத்துவர். எழுதியவரின் மடிக்கணினியோடு முடங்கிப்போன ஆய்வுக்கருவிகள் நம் துறைகளில் குறைவல்ல.

கிளாஸைக் கட்டளையாக்க வழிகள் உண்டு. பெர்ல் மொழியின் மூஸ்எக்ஸ் ரன்னபிள், கிளாஸில் 'ரன்' என்றொரு மெத்தட் மட்டும் கேட்கிறது. அது திருப்பித் தரும் எண்ணே வெளியேறுநிலை. 0 என்றால் வெற்றி. கூகுள் 2017இல் வெளியிட்ட பைத்தான் ஃபயருக்கு ஒரே அழைப்பு போதும்: மெத்தடுகள் துணைக்கட்டளைகளாகும், பொருளை உருவாக்கும்போது தரவேண்டிய மதிப்புகள் விருப்பக்கொடிகளாகும்.

இவ்வெளிமையில் இரு பள்ளங்கள் உள்ளன. பொருளுக்கு நினைவுண்டு, கட்டளையோ ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பிறந்து முடிந்துபோவது. 'ஏற்று' என ஒருமுறையும் 'எண்ணு' என மறுமுறையும் தனித்தனியே ஓட்டினால், இரண்டாவதன் கையில் ஒன்றுமிராது. மெத்தடுகள் இன்ன வரிசையில்தான் அழைக்கப்படும் என்று கிளாஸ் ஓசையின்றி நம்பியிருந்தது அப்போது வெளிப்படும். இடைவிளைவைக் கோப்பில் எழுதிவைப்பதே நேரான வழி.

மற்றது இதனினும் கொடிது. ஃபயர், தரப்பட்ட மதிப்பின் வகையைத் தானே ஊகிக்கும். பேச்சாளர் எண் 12 என்று தந்தால் அது முழு எண்ணாகிவிடும். கோப்பிலிருந்து படித்த '12' சரமாக இருக்கும். இரண்டும் சமமல்ல, ஆயினும் பிழைச்செய்தி எழாது. ஏலக்காய் பறித்துக்கொண்டே ஒரு மூதாட்டி பேசிய அத்தனையும் அடைவிலிருந்து சத்தமின்றி விடுபட்டுப்போகக்கூடும். ஆய்வேட்டைத் திருத்துவோரும் அதைக் காண வழியில்லை.

ஆகவே ஆய்வுப் பணிக்கு, பைத்தானுடனேயே வரும் ஆர்க்பார்ஸ் மேல். சில வரிகள் கூடுதலாக எழுதவேண்டும்; ஆனால் வகை சொல்லாதவரை அது தரப்பட்டதைச் சரமாகவே வைத்திருக்கும்.